மூச்சு விடாத ஆக்சில்

கியர் ஆயிலின் வாடை ஒருமுறை கையில் ஏறினால் சோப்புக்கு மசியாது. பல்சக்கரங்கள் நசுங்கித் தேயாமலிருக்க அதில் கந்தகம் சேர்ந்த ரசாயனம் கலக்கிறார்கள். அந்தக் கந்தகம்தான் சட்டையிலும் சோற்றிலும் வந்து நிற்கிறது. பெங்களூரு காக்ஸ் டவுன்காரர்களுக்கு இது பழகிய வாடை. அல்சூர் ஏரிப் பக்கம் போனால் மெட்ராஸ் சேப்பர்ஸ் மையம், அங்கேயே 515 ஆர்மி பேஸ் ஒர்க்ஷாப். மெட்ராஸ் ராணுவத்தின் பின்னாலேயே தண்டு என்கிற இந்தக் கன்டோன்மென்ட் பகுதிக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். 1947 வரை மைசூர் சமஸ்தானத்துக்கு உட்படாத ராணுவ ஊர் இது. அதனால் தெருவுக்கு ஒருவராவது ராணுவ வண்டியின் அடியில் படுத்து எழுந்தவர் இருப்பார்.

எங்கள் தெருவில் அப்படி ஒருவர். 1943-இல் உருவான இ.எம்.இ. படைப்பிரிவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ஹவில்தார்தான். ஜெர்மானிய மேன் கம்பெனியின் வடிவமைப்பில் 1959 முதல் 1996 வரை ஜபல்பூரில் தயாரான சக்திமான் லாரிகளோடு அவருடைய சர்வீஸ் முழுவதும் கழிந்தது. இப்போது நண்பர் ஒருவரின் பட்டறையில் சும்மா போய் உட்காருவார். சும்மா என்று அவர்தான் சொல்கிறார்.

அந்தப் பட்டறைக்கு ஒரு நாள் குடகிலிருந்து ஒரு லாரி வந்தது. ராணுவ ஏலத்தில் எடுத்தது. காட்டுப் பாதையில் மரம் இழுக்க அங்கே இத்தகைய வண்டிகளுக்கு இன்னும் மவுசு உண்டு. முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி என்றால் சேற்றில் கவலையில்லை. பின் வலது சக்கரத்தின் உட்புறம் டயரில் கறுப்பாக எண்ணெய்க் கோடுகள். ஊரில் ஏற்கெனவே ஆயில் சீல் மாற்றியாகிவிட்டது. புது சீலும் சில வாரங்களில் ஒழுக ஆரம்பித்தது. உரிமையாளருக்கு சீல் கடைக்காரர் மேல்தான் கோபம்.

கனரக வண்டிகளில் பின் ஆக்சில் அமைப்பு இப்படி: நடுவே கிரவுன், பினியன். அங்கிருந்து இரண்டு பக்கமும் ஷாஃப்ட். எடையைத் தாங்குவது ஷாஃப்ட் அல்ல. அதைச் சுற்றியுள்ள ஹவுசிங்கும், அதன் முனையில் பேரிங்குகளின் மேல் சுழலும் ஹப்பும்தான். நடுவிலுள்ள ஆயில் ஷாஃப்ட் வழியே மெல்ல ஹப் வரை வரும். அது பிரேக் டிரம்முக்குள் போகாமல் தடுப்பது விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் உதடு. அந்த உதட்டை ஒரு சுருள் கம்பி பின்னாலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும். பல டன் லாரியின் பிரேக் இந்த உதட்டை நம்பித்தான் இருக்கிறது.

ராணுவ வண்டிகளின் சீல் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது அதிகம் என்பார் ஹவில்தார். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும்போது ஆயில் கீழே தங்கிவிடும். உதட்டின் மேல்பாதி காய்ந்து விறைக்கும். ஓடுகிற வண்டியிலோ வேறு சங்கதி. மெத்தென்ற ரப்பரில் தூசி பதிந்து, அது உதடு உரசும் எஃகையே அறுத்துப் பள்ளம் போட்டுவிடும். நகத்தை வைத்துத் தடவினால் மாட்டும். அந்தப் பள்ளத்தின் மேலேயே எத்தனை புது சீல் அடித்தாலும் ஒழுகத்தான் செய்யும். மெல்லிய எஃகு ஸ்லீவ் ஒன்றை அதன்மேல் ஏற்றலாம், அல்லது உதடு புது இடத்தில் படும்படி சீலைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைக்கலாம். சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி அனுப்புகிற மேதைகளும் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே வேண்டாம்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, ஷாஃப்டை உருவி, ஹப்பை இழுத்துப் பார்த்தார்கள். பள்ளம் இல்லை. பேரிங்கில் ஆட்டமும் இல்லை. சீல் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது, சுருள் கம்பி ஆயில் பக்கம் பார்க்க. பையன்கள் முழித்தார்கள். ஹவில்தார் எழுந்து வந்து ஹப் பக்கமே போகாமல் ஹவுசிங்கின் மேல்பக்கத்தைக் கையால் துழாவினார்.

“தம்பி, வண்டிக்கு பெயிண்ட் அடிச்சது யாரு?”

ராணுவப் பச்சை நிறத்தை மற்றவர்கள் பூசக்கூடாது என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது. ஏலத்தில் எடுத்தவர் நிறத்தை மாற்றியே ஆக வேண்டும். பெயிண்டர் சேஸிஸ், ஆக்சில் எதையும் விடாமல் சேற்றின் மேலேயே தாராளமாக அடித்திருந்தார். ஹவுசிங் மேலிருந்த பிரீதர், அதாவது காற்றுப் போகிற குட்டி மூடி, அதில் அடைபட்டுப் போனது.

ஆக்சில் ஓடினால் சூடாகும். உள்ளே 30 டிகிரியில் இருந்த காற்று 90 டிகிரிக்குப் போனால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். போக வழியில்லாத காற்று, ஆயிலைத் தள்ளிக்கொண்டு பலவீனமான இடம் தேடும். அது சீலின் உதடு. லடாக்கில் 5,000 மீட்டருக்கு மேல் போனால் வெளிக்காற்றின் அழுத்தமே கிட்டத்தட்டப் பாதி. அடிவாரத்தில் ஒழுகாத வண்டி கணவாயில் ஒழுகும். ஆற்றைக் கடந்தால் கதை தலைகீழ். சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். ஆயிலைத் திறந்தால் பால் காப்பி மாதிரி வரும். அதனால்தான் நீரில் இறங்கும் ராணுவ வண்டிகளில் பிரீதரிலிருந்து ஒரு குழாயை உயரே கொண்டுபோய் விடுகிறார்கள். எனக்கு இதில் வியப்பு, இவ்வளவு பௌதிகமும் ஒரு மூடிக்குள் அடங்குவது அல்ல. அதை எந்தப் பட்டறையும் முதலில் பார்ப்பதில்லை என்பதுதான். ஒழுகுகிற இடம் கண்ணுக்குத் தெரியும்போது வேறு இடத்தை யார் பார்ப்பார்கள்?

பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டார்கள். அதிலிருந்து சேஸிஸின் மேல்விளிம்பு வரை ஒரு ரப்பர் குழாய் ஏறியது. புது சீலின் உதட்டில் ஆயில் தடவி, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கி, பேரிங் நட்டை முறுக்கிக் கொஞ்சம் தளர்த்திப் பூட்டினார்கள். தொண்ணூறு கிரேடு கியர் ஆயிலை லெவல் துவாரத்தில் வழியும் வரை ஊற்றினார்கள்.

மிச்சம் பிரேக் லைனர். ஆயில் குடித்த லைனரைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி மறுபடி போடும் வழக்கம் நம்மூரில் உண்டு. ஹவில்தார் சம்மதிக்கவில்லை, மேலே எரிந்தாலும் உள்ளே ஊறியது சூட்டில் திரும்ப வரும். உரிமையாளர் வலது பக்கம் மட்டும் புதுசு போடச் சொன்னார்.

“ரெண்டு பக்கமும் போடணும் தம்பி. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா பிரேக் ஒரு பக்கமா இழுக்கும்.”

“அந்தப் பக்கம் ஒழுகவே இல்லையேண்ணா.”

“மரத்தை ஏத்திக்கிட்டு மடிக்கேரி இறக்கத்துல வரப்போறது நீயா, நானா?”

உரிமையாளர் பட்டறைக்கு வெளியே போய், பணம் அனுப்பச் சொல்லி வீட்டுக்குப் போன் போட்டார்.