கௌரவம்

கௌரவம் என்ற வார்த்தையை நாம் உபயோகிக்கும் விதம் விசித்திரமானது. சம்பளம் கொடுத்தால் உத்தியோகம். கொடாவிட்டால் கௌரவ உத்தியோகம். ஆங்கிலேயர் ஆட்சியில் ஊதியமின்றி வழக்குத் தீர்த்தவருக்குக் ‘கௌரவ மாஜிஸ்டிரேட்’ என்று பெயர். இன்றைக்கும் அரசாங்கக் கல்லூரிகளில் நிரந்தர வேலையோ அதற்குரிய சம்பளமோ இல்லாமல் பாடம் சொல்லுகிறவரைக் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்கிறோம். கௌரவம் கொடுத்த பிறகு சம்பளம் எதற்கு என்ற எண்ணம் போலும்!

வடமொழியில் ‘குரு’ என்றால் கனமுள்ளது என்று பொருள். அதிலிருந்து பிறந்த கௌரவத்துக்கும் கனம் என்பதே முதல் அர்த்தம். உபாத்தியாயருக்குக் குரு என்ற பெயர் வந்ததும் அந்தக் கனத்தினால்தான். (மாதக் கடைசியில் எங்கள் சட்டைப் பையைத் தூக்கிப் பார்த்து இதை நிர்ணயிக்க வேண்டாம்.) சட்டசபையில் ‘கனம் மந்திரி’ என்று அழைத்தார்களே, அதுவும் இந்தக் கனமே.

கனம் ஆளிடத்தில் இருக்க வேண்டும். பட்டத்தில் இருந்து பயனில்லை. சென்னை ஹைக்கோர்ட்டில் நீதிபதியாயிருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர், அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்குக் கடிதம் எழுதியதற்காக ஆட்சியாளர் கண்டித்தபோது, 1918-ல் ‘ஸர்’ பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் உதறினார். மறு வருஷம் ஜாலியன்வாலாபாக் படுகொலை கண்டு ரவீந்திரநாத் தாகூரும் ‘ஸர்’ பட்டத்தை வேண்டாமென்றார். இருவருக்கும் கனம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இதே வார்த்தை வீட்டுக்குள் நுழைந்து ‘குடும்ப கௌரவம்’ ஆகும்போதுதான் பயமாயிருக்கிறது. அந்தக் கனம் முழுவதையும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். ஜாதி மாறி மணந்த குற்றத்துக்காகப் பெற்றவர்களும் உற்றவர்களுமே பிள்ளைகளைக் கொல்லும் கொடுமைக்கு, பத்திரிகைகள் வெகு காலம் ‘கௌரவக் கொலை’ என்றே பெயரிட்டு வந்தன. 2006-ல் லதா சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, இத்தகைய கொலையில் கௌரவம் எதுவுமே இல்லை என்று சொல்லிற்று. தமிழில் இப்போது ‘ஆணவக் கொலை’ என்ற சொல் ஊன்றிவிட்டது. சொல்லை மாற்றியதால் அரிவாள் மழுங்கிவிடவில்லை. ஆயினும், கொன்றவன் தலையில் நாமே பரிவட்டம் கட்டிக்கொண்டிருந்தது நின்றதல்லவா?

இந்த விஷயத்தில் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. தாராளமாக அழைக்கட்டும், ‘மானம்’ என்ற 97-ஆம் அதிகாரத்தை ஒரு முறை படித்துவிட்டு அழைக்கட்டும். அங்கே கவரிமா விடுவது தன் உயிரை, கன்றின் உயிரையல்ல.

என்னிடம் கணிதம் படித்த பெண் ஒருத்தி, அரசாங்கப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் திடீரென்று நின்றுவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் ஒரு பையனோடு பேசினாளாம். வீடு தேடிப் போனேன். “எங்களுக்குக் கௌரவம் முக்கியம், ஸார்” என்றார் தகப்பனார். மிக்க மரியாதையோடுதான் சொன்னார், காபியும் கொடுத்தார். “பெயர் பதிவாகியிருக்கிறது, பரீட்சை எழுத மட்டுமாவது அனுப்புங்கள்” என்று கேட்டுக்கொண்டேன். “யோசித்துச் சொல்லுகிறேன்” என்றார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் சற்று நின்று, மறுபடியும் கேட்டது.