சொல்லின் முகத்திரை

சில மாதங்களுக்கு முன், எம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், கல்லூரியில் பயிலும் தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். தாய் கண்ணீர் வடித்துக்கொண்டிருக்க, மகனோ புன்னகையோடு, "ஃபாதர், அம்மா சொல்வதுபோல் நான் குடிப்பதில்லை. சனிக்கிழமைகளில் நண்பர்களோடு கொஞ்சம் 'பூஸ்', அவ்வளவுதான்" என்றான்.

அவர்கள் சென்றபின் ஆங்கில அகராதியை எடுத்தேன். மறைநூற் சொற்களுக்கு வேர் தேடும் பழக்கம் குருமட நாள்களிலிருந்தே என்னைத் தொடர்கின்றது.

இச்சொல்லைக் குறித்து ஒரு கதை வழங்குகின்றது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பூஸ் என்னும் வணிகர், மரக்குடில் வடிவப் புட்டிகளில் தம் பெயரைப் பொறித்து விஸ்கி விற்றார். அவர் பெயரே மதுவுக்கும் ஆயிற்று என்பர். வணிகரும் உண்மை, புட்டியும் உண்மை. பெயர்க்காரணம் மட்டும் உண்மையன்று. அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இச்சொல் ஆங்கிலத்தில் இருந்தது. 1590இல் வெளிவந்த ஸ்பென்சரின் 'ஃபேரி குயின்' காவியத்தில், தலையான பாவங்களுள் ஒன்றாகிய போசனப்பிரியம் மனித உருவில் வருகின்றது. அதன் கையிலுள்ள கலயத்துக்கு இச்சொல்லே அடைமொழி.

வேர் இன்னும் ஆழமானது. இடைக்கால டச்சு மொழியில் 'பூசன்' என்றொரு வினைச்சொல் உண்டு. அதன் பொருள் 'அளவுமீறிக் குடித்தல்'. ஆக, முதலில் பிறந்தது மனிதனின் வரம்புமீறிய செயலுக்குரிய சொல்; மதுவுக்கு அது பெயரானது பின்னரே. நம் 'குடித்தல்' நீருக்கும் பாலுக்கும் பொதுவானது. அந்த இளைஞன் அதற்கு அஞ்சி ஒளிந்துகொண்ட சொல்லுக்கோ, அளவுமீறலே பிறவிப் பொருள்!

அவனைக் குறைகூற எனக்குத் தகுதி உண்டா? என் தந்தை குடித்துவிட்டுக் கிடந்த நாள்களில், வாசலில் வந்து கேட்டவர்களிடம், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லப் பழகியிருந்தோம். சொல்லிச் சொல்லி நாங்களும் அதை நம்பினோம். குடி என்று ஒருமுறை வாய்திறந்து கூறியிருந்தால், எவரேனும் உதவ வந்திருப்பர். அவர் 47ஆம் வயதில் இறந்தார். அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகின்றது.

மறுவாரம் இளைஞன் தனியே வந்தான். அகராதியை விரித்துக் காட்டினேன். என் தந்தையைப் பற்றியும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. நெடுநேரம் கழித்து, "சனிக்கிழமை மட்டும் இல்லை, ஃபாதர்" என்றான்.

பெயர் குறிப்பிடாமல் இதை எழுத அவனே இசைந்தான். திரை விலகியது, இனித்தான் சிகிச்சை தொடங்கவேண்டும்.