பச்சைக் கண் திறந்த ரேடியோப் பெட்டிக்கு

அன்புள்ள ரேடியோப் பெட்டியே,

வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். உன் வால்வுகளின் செம்மஞ்சள் வெளிச்சம் பின்சுவரில் விழுந்து கிடக்கிறது. உனக்கு நான் பட்ட கடன்களை ஒருநாள் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

பெட்டியே, முதல் கடன் அப்பாவின் கணக்கில் இருக்கிறது. சோவியத் நாட்டின் உதவியோடு கட்டி, 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தில் அவருக்கு வேலை. போனஸ் பணத்தில் உன்னை வாங்கி, தபாலாபீசில் லைசென்ஸ் கட்டி, வடலூருக்குப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர் குளித்துவிட்டு உன் எதிரில்தான் உட்காருவார். டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமியின் குரலில் செய்தி கேட்டால்தான் அவருக்குக் கண் மூடும். ஷார்ட் வேவில் எப்போதாவது மாஸ்கோவின் தமிழ் ஒலிபரப்பு அகப்பட்டால் அம்மாவைக் கூப்பிடுவார். "இங்க வா, நம்ம டர்பைன் ஊர்க்காரங்க தமிழ் பேசுறாங்க!"

பெட்டியே, அம்மாவுக்கு நீ தந்தது வேறு. அடுப்படி வாசலை ஒட்டி உன்னை வைக்கச் சொன்னவள் அவள்தான். கொழும்பு அவளுக்கு அடுத்த தெரு மாதிரி. காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' முடிவதற்குள் எங்கள் தலைவாரல் முடிந்தாக வேண்டும். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களை வீட்டு மனிதர்களைப் போலப் பெயர் சொல்லுவாள். இரண்டாம் உலகப் போர்க்காலத் தளபதி மவுண்ட்பேட்டனின் படைகளுக்காக ஏக்கலையில் நிறுத்திய ஒலிபரப்பிதான் பிற்பாடு இலங்கை வானொலிக்கு வந்தது என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். படைகளுக்கு வைத்த கருவி என் அம்மா மாவாட்டும்போது அவளுக்குப் பாட்டுத் துணையாக இருந்திருக்கிறது. அதை அவளிடம் சொல்ல முடிந்ததில் எனக்கு அப்படியொரு நிம்மதி.

பெட்டியே, பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, டிவி வந்தது. நீ பரணுக்குப் போனாய். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அப்பா போன பிறகு, 2020-இல், அவர் வேலை பார்த்த அந்த நிலையமும் நிறுத்தப்பட்டது. 600 மெகாவாட் தந்துகொண்டிருந்த இடம். அந்த வாரம்தான் ஏணி போட்டு உன்னை இறக்கினேன். அப்பா கைபட்ட எந்திரங்களில் இனி ஓடக்கூடியது நீ ஒன்றுதான் என்று தோன்றிவிட்டது.

பெட்டியே, உன்னைத் திறந்த அந்த மூன்று மாதங்களை எனக்கு நீ தந்த பள்ளிக்கூடம் என்பேன். முன்பு நான்குமுனைச் சந்திப்புப் பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்த்த பெரியவர் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் முதலில் சொன்னது: "தம்பி, பட்டுனு பிளக்கைச் சொருகிடாதீங்க. இத்தனை வருஷம் தூங்கினவரை உலுக்கி எழுப்பலாமா?" 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போடச் சொன்னார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், உனக்கு ஒன்றும் ஆகாது. காய்ந்துபோன ஃபில்டர் கண்டென்சர்களை மாற்றினோம். பேப்பர் கண்டென்சர்கள் எல்லாமே கசிந்தன. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கண்டென்சர் கசிந்தால், வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். வால்வும் போகும், அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரியும். அதை மாற்றாமல் ஒரு நிமிடம்கூட ஓடவிடக் கூடாது.

ஒரு வால்வு மட்டும் செத்திருந்தது: இசிஹெச் 81. முதலெழுத்து 'இ' என்றால் ஃபிலமென்ட்டுக்கு 6.3 வோல்ட் என்று அவர்தான் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். சென்னை ரிச்சி தெருவில் அலைந்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த ஒன்றை வாங்கிவந்தேன். டயல் கயிறு கட்டுவதற்கு மட்டும் இரண்டு நாள். கடைசியில் சுவிட்சைப் போட்டதும் அரை நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் மெல்ல உன் பச்சைக் கண், டியூனிங் காட்டும் அந்த வால்வு, திறந்தது. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பெட்டியே, ஆனால் குரல் வரவில்லை. மீடியம் வேவ் முழுக்க இரைச்சல். பழுது உன்னிடம் என்று நினைத்து மறுபடி உன்னைக் குடைந்தேனே, அந்தக் கடனும் இருக்கிறது. பெரியவர் ஒரு பாக்கெட் டிரான்சிஸ்டரைக் கையில் கொடுத்து, வீட்டு மெயினை அணைத்துப் பார்க்கச் சொன்னார். அணைத்ததும் பாதி இரைச்சல் போய்விட்டது! எல்இடி பல்புகள், செல்போன் சார்ஜர், டிவி பெட்டியின் அடாப்டர் என்று எங்கள் வீடே உன் காதில் கத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிடித்து மாற்றினேன். மாடியில் செம்புக் கம்பி இழுத்து ஏரியல் கட்டினேன். இரு முனையிலும் பீங்கான் குமிழ். இன்சுலேட்டர் வார்த்த சேஷசாயி ஆலை இருந்த ஊரில் பீங்கானுக்கா பஞ்சம்! எர்த்துக்குக் குழி வெட்டிக் கரியும் உப்பும் இட்டேன்.

மீதி இரைச்சல் மேற்கிலிருந்து வந்தது, நெய்வேலிப் பக்கத்து உயர்அழுத்தக் கம்பிகளின் திசையிலிருந்து. அப்பாவின் ஊர் மின்சாரம்தான் உன் ஃபிலமென்ட்டைச் சூடாக்கியது, அதுவேதான் உன் பேச்சையும் மறித்தது. அந்த இரைச்சலை ஒதுக்கும் லூப் ஏரியலாக, இரண்டடி மரச்சட்டத்தில் 12 சுற்றுக் கம்பி சுற்றி, பழைய கேங் கண்டென்சரை இணைத்து, ஒற்றைச் சுற்றுத் தனிக் கம்பியால் அதை உன்னோடு சேர்த்தேன். சட்டத்தின் முகத்தை மேற்கே காட்டினால் அந்த இரைச்சல் அமுங்குகிறது. அப்போது சட்டத்தின் விளிம்புகள் வடக்கும் தெற்கும் பார்க்கும், நன்றாகக் கேட்பது அந்தத் திசைகளில்தான். எங்களுக்கு வடக்கே சென்னை, தெற்கே இலங்கை. அப்பாவும் அம்மாவும் கேட்ட திசைகள்.

பெட்டியே, அன்று சாயங்காலம் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை தெளிவாக வந்தது. அம்மா எழுந்து போய், உன்னைப் பழைய இடத்திலேயே, அடுப்படி வாசலை ஒட்டி வைக்கச் சொன்னாள்.

கிழக்கே மின்னுகிறது. ஐப்பசி இடியை நம்ப முடியாது. எழுந்துபோய் ஏரியல் கம்பியைக் கழற்றி எர்த்தில் போட வேண்டும். காலையில் அம்மா எழுவதற்கு முன் திரும்ப மாட்டிவிடுகிறேன்.

என்றும் உன்
வடலூர் வீட்டுப் பிள்ளை