புல்வெளி போனது... சோம்பு வாசச் செடி வாசலுக்கு வந்தது!

அமெரிக்காவின் வடக்கே, கனடா எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாநிலம், மின்னசோட்டா. மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் மின்னியாபொலிஸ், செயின்ட் பால் இரண்டும் அதன் இரட்டை நகரங்கள். இங்கே பெரும்பாலான வீடுகளுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. வாசற்படியிலிருந்து சாலை வரைக்கும் ஒட்ட வெட்டிய புல்தரைதான். ஒரு பூ இருக்காது, ஒரு பூச்சி வராது. ஆனால், ஜூலை மாதம் போனால் சில வீடுகளில் மட்டும் காட்சி வேறாக இருக்கும். புல்லைக் கொத்தி எடுத்துவிட்டு, இடுப்பளவு உயரத்துக்கு ஏதோ செடிகளை வளர விட்டிருப்பார்கள். அவற்றுக்கு நடுவே விரல் நீளக் கதிர்களாக, இளம் ஊதா நிறத்தில் பூத்து நிற்கும் ஒரு செடி. இலையைக் கிள்ளிக் கசக்கினால் அசல் சோம்பு வாசம்.

அந்தச் செடியின் பெயர், அனிஸ் ஹிஸ்ஸாப். பெயரில்தான் அனிஸும் ஹிஸ்ஸாப்பும் இருக்கின்றனவே தவிர, அந்த இரண்டு செடிகளுமே இது கிடையாது. நம் துளசி, புதினா, தும்பை ஆகியவற்றின் குடும்பம் இது. தண்டை உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டை தெரியும். இலையின் ஓரம் ரம்பப்பல் போல இருக்கும், அடிப்பக்கம் வெளுத்திருக்கும். தாவரவியல் பெயர், அகஸ்டாகி ஃபீனிகுலம். ஃபீனிகுலம் என்றால் பெருஞ்சீரகம். வாசத்துக்குக் காரணம் மெத்தில் சாவிகால் என்ற பொருள். நம் நாட்டில் எண்ணெய்க்காகப் பயிராகும் திருநீற்றுப்பச்சிலை ரகங்கள் பலவற்றிலும் இதே பொருள்தான் இருக்கிறது.

இது நர்சரிக்காரர்கள் எங்கிருந்தோ கொண்டுவந்த அலங்காரச் செடி இல்லை. அந்த மண்ணிலேயே பிறந்தது. மின்னசோட்டா, டகோட்டா தொடங்கி கனடாவின் சமவெளி வரை பரந்து கிடந்த ‘பிரெய்ரி’ புல்வெளியின் செடி. அங்கே வாழ்ந்த டகோட்டா, ஒமாஹா, பானி பழங்குடி மக்கள் இதன் இலையைக் கொதிக்க வைத்து, சாப்பாட்டோடு தேநீர் மாதிரி குடித்திருக்கிறார்கள். சமையலில் இனிப்புச் சுவைக்கும் சேர்த்திருக்கிறார்கள். 1919-ம் ஆண்டு மெல்வின் கில்மோர் என்பவர் மிசௌரி ஆற்றுப் பகுதி மக்களின் தாவரப் பயன்பாடுகளைத் தொகுத்தபோது இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

ஏர் இறங்கிய கதை

அந்தப் புல்வெளி இப்போது இல்லை. ஆள் உயரப் புல், பல அடி ஆழத்துக்குப் பின்னிக்கிடந்த வேர், கறுப்பு மண் என்றிருந்த நிலம் அது. மரக்கலப்பையும் வார்ப்பிரும்புக் கலப்பையும் நாலடி போவதற்குள் மண் அப்பிக்கொண்டு நின்றுவிடும். 1837-ல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கொல்லர், மண் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும் எஃகுக் கலப்பை ஒன்றைச் செய்தார். அவர் பெயர், ஜான் டீர். இன்று நம் ஊர்களில் ஓடும் பச்சை நிற டிராக்டரில் இருப்பது அவர் பெயர்தான். பின்னால், 1862-ல் வந்த சட்டம் குடியேறியவர்களுக்குத் தலைக்கு 160 ஏக்கர் வரை நிலம் கொடுத்தது. அதே ஆண்டு நடந்த போருக்குப் பிறகு, டகோட்டா மக்கள் மின்னசோட்டாவைவிட்டே விரட்டப்பட்டார்கள். நிலம் யாருடையதோ, அவர்களுக்கு நிலம் இல்லாமல் போனது.

அதன் பிறகு கோதுமை வந்தது. மக்காச்சோளமும் சோயாவும் வந்தன. மின்னசோட்டாவில் மட்டும் சுமார் 1.8 கோடி ஏக்கர் இருந்த புல்வெளியில், இன்று மிஞ்சியிருப்பது ஒரு சதவிகிதத்துக்குச் சற்றே அதிகம். ரயில் பாதை ஓரம், பழைய கல்லறைத் தோட்டம், உழ முடியாத கல்லுமேடு என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. உலகத்துக்கே தானியம் கொடுத்த நிலம் என்று பெருமையாகச் சொல்லலாம். பூவை நம்பிப் பிழைத்த உயிர்களுக்கு அது பாலைவனம்தான்.

அப்படிப் பாதிக்கப்பட்டதில் ஒன்று, பம்பிள்பீ. உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த, குண்டான தேனீ. நம் சமவெளியில் இது கிடையாது. அமெரிக்காவில் தேன் பெட்டியில் வளர்க்கும் தேனீ, ஐரோப்பியர்கள் கப்பலில் கொண்டுபோனது. பம்பிள்பீதான் அந்த மண்ணின் சொந்தத் தேனீ. தக்காளி, கத்திரிப் பூக்களில் மகரந்தம் சிறு பைக்குள் அடைபட்டிருக்கும். பம்பிள்பீ பூவைக் கவ்விக்கொண்டு, உடம்பை ரீங்காரத்தோடு அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது.

முதுகில் துரு நிறத்தில் ஒரு திட்டு உள்ள பம்பிள்பீ இனம் ஒன்று, ஒருகாலத்தில் அமெரிக்காவின் 28 மாநிலங்களில் பறந்துகொண்டிருந்தது. 1990-களின் இறுதியிலிருந்து அது மளமளவென்று குறைந்து, 90 சதவிகிதம் அளவுக்கு அழிந்தது. மேய்ச்சல் பூ இல்லாதது, பூச்சிக்கொல்லி, வளர்ப்புத் தேனீக்களிடமிருந்து தொற்றியதாகச் சந்தேகிக்கப்படும் நோய் எனக் காரணங்களைச் சொல்கிறார்கள். 2017-ல் அமெரிக்க அரசு இதை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. 2019-ல் மின்னசோட்டா, இதையே தன் மாநிலத் தேனீயாக அறிவித்தது. விசித்திரம் என்னவென்றால், இந்தத் தேனீ இன்னும் கண்ணில் படும் இடங்களில் முக்கியமானது, இரட்டை நகரங்களின் வீட்டுத் தோட்டங்கள். வயல்காட்டில் கிடைக்காத பூ, ஊருக்குள் கிடைக்கிறது.

இந்தத் தேனீயின் கூட்டில் குளிர்காலத்தைத் தாண்டுவது புதிய ராணிகள் மட்டுமே. மற்ற அத்தனையும் இலையுதிர் காலத்தோடு செத்துவிடும். ராணி ஏப்ரலில் மண்ணிலிருந்து எழுந்து, தனி ஆளாகக் குடும்பத்தைத் தொடங்க வேண்டும். அக்டோபர் வரைக்கும் ஏதாவது ஒரு பூ இருந்துகொண்டே இருந்தால்தான் அடுத்த தலைமுறை ராணிகள் உருவாகும். ஜூலையில் தொடங்கி செப்டம்பர் வரை விடாமல் பூக்கும் அனிஸ் ஹிஸ்ஸாப்புக்கு மதிப்பு கூடியது இதனால்தான்.

2019-ல் மாநில அரசே, வீட்டுப் புல்தரையைப் பூச்செடிகளாக மாற்றுபவர்களுக்கு ‘லான்ஸ் டு லெக்யூம்ஸ்’ என்ற திட்டத்தில் 350 டாலர் வரை செலவைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. இதில் ஒரு சிக்கலும் இருந்தது. வாசலில் புல் இத்தனை அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது என்று பல ஊர்களில் நகராட்சி விதி உண்டு. ‘உன் வீட்டில் களை மண்டிக்கிடக்கிறது’ என்று நோட்டீஸ் வரும். பராமரிக்கப்படும் இயற்கைத் தோட்டங்களை நகராட்சிகள் அனுமதித்தே ஆக வேண்டும் என்று 2023-ல் மாநிலச் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தொல்லைக்கு வழி பிறந்தது.

பனியில் விதைப்பு

இந்தச் செடியை வளர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஆனால், விதைப்பு மட்டும் நமக்குப் புதுமையாக இருக்கும். விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் சுமார் 3,000 இருக்கும். குளிரும் ஈரமும் பட்டுக் கிடந்தால்தான் நன்றாக முளைக்கும். அதனால் அங்குள்ளவர்கள் விதைப்பது ஜனவரியில், கொட்டும் பனியில்! காலியான பிளாஸ்டிக் பால் கேனை இடுப்பளவில் அறுத்து, அடியில் துளையிட்டு, நாலு அங்குலம் மண் நிரப்பி, மேலாகத் தூவி, மூடியைத் திருப்பி ஒட்டிக் கொல்லையில் வைத்துவிடுகிறார்கள். விதையை மண் போட்டு மூடக் கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும். லேசாக அழுத்திவிட்டால் போதும். பனி உருகி, வெயில் ஏறியதும் தானாக முளைக்கும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள், ஈர மணலில் விதையைக் கலந்து ஒரு மாதம் ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள்.

மே மாதம் உறைபனி பயம் நீங்கியதும் நாற்றை ஒன்று முதல் ஒன்றரை அடி இடைவெளியில் நடுகிறார்கள். நாள் முழுக்க வெயில் விழும் இடமே நல்லது. முதல் ஆண்டு மட்டும் தண்ணீர் தேவை. வேர் பிடித்துவிட்டால் வறட்சியைத் தாங்கும். உரம் போட்டால் கெடுதல்தான். கொழுத்து வளர்ந்து சாய்ந்துவிடும். புல்வெளியில் மற்ற செடிகளோடு போட்டி போட்டு வளர்ந்த செடிக்குச் செல்லம் ஆகாது. ஓரடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். விதையிலிருந்து வந்த செடி, பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் நன்றாகப் பூக்கும்.

இந்தச் செடிக்கு எதிரி குளிர் அல்ல, தேங்கும் நீர். களிமண்ணில் வடிகால் இல்லாவிட்டால் குளிர்காலத்தில் வேர் அழுகிவிடும். நெருக்கி நட்டால் இலையில் சாம்பல் நோய் வரும். அந்த வாசம் பிடிக்காததால் மானும் முயலும் பொதுவாக வாய் வைப்பதில்லை. நகருக்குள்ளேயே மான் மேயும் ஊரில் இது பெரிய நிம்மதி. புதினா மாதிரி வேர் ஓடி இடத்தைப் பிடிக்காது. ஆனால், விதை உதிர்ந்து அக்கம்பக்கத்தில் முளைக்கும். ஒரு செடி சில ஆண்டுகளே வாழும் என்பதால், அப்படி முளைப்பதில் நாலைந்தை விட்டுவைப்பது வழக்கம்.

பூக்கத் தொடங்கும்போது இலைகளைப் பறித்து, நிழலில் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தித் தேநீருக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பூ காய்ந்த பிறகு தண்டை வெட்டுவதில்லை. சிறு குருவிகள் விதையைக் கொத்தித் தின்னும். வசந்தத்தில் ஓரடி விட்டு மேலே வெட்டுகிறார்கள். அந்தக் கட்டைத் தண்டுக்குள் சிறு காட்டுத் தேனீக்கள் முட்டையிடும். நர்சரியில் செடி வாங்கும்போது மட்டும், வேர் வழியாகப் பரவும் பூச்சிக்கொல்லி கொடுத்து வளர்த்ததா என்று கேட்கிறார்கள். மகரந்தப் பூச்சிகளைக் கொல்லக்கூடிய அத்தகைய மருந்து கொடுத்த செடியை, ‘தேனீக்களுக்கு நல்லது’ என்று விற்கக் கூடாது என மின்னசோட்டா 2014-லேயே சட்டம் போட்டுவிட்டது.

ஆசைப்பட்டு இதன் விதையை வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்க யாரும் முயல வேண்டாம். 2003-ம் ஆண்டின் தாவரத் தடைகாப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை கொண்டுவர முடியாது. இதன் சொந்தக்காரர்கள் நம் வரப்பிலேயே இருக்கிறார்கள். தும்பை, துளசி, திருநீற்றுப்பச்சிலை மூன்றிலும் அடுக்குத் தேனீயும் கொசுத்தேனீயும் மேயும். துளசியையும் திருநீற்றுப்பச்சிலையையும் இலைக்காக அறுப்பவர்கள், தோட்டத்து ஓரத்தில் பத்துச் செடிகளையாவது கதிர் கிள்ளாமல் பூக்க விடலாம்.