புதியம்புத்தூரில் ஒரு டப்பா கணக்கு

பொங்கல் கழிந்த வாரம் புதியம்புத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். விருதுநகரிலிருந்து கோவில்பட்டிக்கு ஒரு பஸ். அங்கே கடலைமிட்டாய் (2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மிட்டாய்தான்!) இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு, ஓட்டப்பிடாரம் வழியாக அடுத்த பஸ். வழி நெடுகக் கரிசல். மழையை நம்பி விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் அறுவடையாகி, சில இடங்களில் செடியோடு ரோட்டிலேயே பரப்பி வைத்திருந்தார்கள். பஸ் ஏறிப்போனால் நெற்று உடைந்து பயறு உதிருமே, அதற்காக! டிரைவர்கள் கூலி வாங்காமல் களத்துவேலையும் பார்க்கிறார்கள்.

ஓட்டப்பிடாரம், வ.உ.சி. 1872-இல் பிறந்த ஊர். பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி; கட்டபொம்மனுக்கு 1974-இல் கட்டிய நினைவுக்கோட்டை அங்கே இருக்கிறது. இறங்கிப் பார்க்க நேரமில்லை. மனதுக்குள் கும்பிட்டதோடு சரி.

புதியம்புத்தூருக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது தையல் மிஷின் சத்தம்தான். ரெடிமேட் துணிக்குப் பேர் போன ஊர். குழந்தைகள் கவுன், பள்ளிக்கூடச் சீருடை, நைட்டி... வீட்டுக்கு வீடு துணி மூட்டை. அக்காவும் பத்தொன்பது வருஷமாகப் பீஸ் கூலிக்குத் தைக்கிறாள். அத்தான் தவறிய பிறகு அந்த மிஷின்தான் வீட்டைக் காப்பாற்றுகிறது.

கடலைமிட்டாயை வைக்க அலமாரியைத் திறந்தேன். உள்ளே கறுப்பு நிறத்தில் பெயிண்ட் வாளி அளவுக்கு ஒரு டப்பா!

“என்னக்கா இது?”

“உன் மகன் ஜிம்முக்குப் போறான்லா, அவனுக்குப் புரோட்டீன் பவுடராம். ஒரு கிலோ மூவாயிரம் ரூவா. முதல்ல எண்ணூறு ரூவாய்க்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அது மட்டமாம், வேண்டாம்னுட்டான். சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் இதை வாங்கினேன். நெசமாச் சொல்லு ஏட்டி, விலை கூடினாத்தான் நல்லதா?”

பதில் தெரியாமல் முழித்தேன். ராத்திரி இரண்டு டப்பாக்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு லேபிளைப் படிக்க ஆரம்பித்தேன். வேதியியல் படிக்கும் என் மகளையும் போனில் பிடித்தேன்.

பன்னீருக்காகப் பாலைத் திரித்து வடிகட்டினதும் ஒரு தண்ணீரைக் கீழே ஊற்றுகிறோமே, அந்தத் தண்ணீர்தானாம் இந்த ‘வே’ பவுடருக்கு மூலம்! பாலாடைக்கட்டித் தொழிற்சாலைகளில் மிஞ்சுகிற அதை வடிகட்டி உலர்த்தினால் ‘கான்சன்ட்ரேட்’. இன்னும் நன்றாக வடிகட்டிப் பால்சர்க்கரையை நீக்கினால் ‘ஐசொலேட்’, விலை ஏறிவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் முக்கியம். மற்றவர்களுக்குக் குறைந்த விலை கான்சன்ட்ரேட்டே போதும், லேபிளில் போட்டிருப்பது நிஜமாக உள்ளே இருந்தால்.

அந்த “இருந்தால்”தான் சிக்கல். சோதனைச்சாலையில் பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதக் கணக்குச் சொல்கிறார்களாம். கிளைசின் மாதிரி மலிவான அமினோ அமிலத்தைக் கலந்துவிட்டால் கணக்கு ஏறும், சத்து ஏறாது. 2024-இல் கேரள டாக்டர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் அவர் கூட்டத்தாரும் இந்தியாவில் விற்கும் 36 பவுடர்களைச் சோதித்தார்கள். 25-இல் லேபிளில் சொன்ன அளவுக்குப் புரதம் இல்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது. (சொத்தை நிலக்கடலையைப் பொறுக்கிக் கழிக்கச் சொல்வதும் இந்த நஞ்சுக்குப் பயந்துதான்.)

அடுத்து, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கூட்டல் கழித்தல். மூவாயிரம் ரூபாய் டப்பாவில் 100 கிராமுக்கு 75 கிராம் புரதம் என்று போட்டிருந்தது. ஒரு கிராம் புரதம் 4 ரூபாய். எண்ணூறு ரூபாய் டப்பாவில் 100-க்கு 25-தான். மூலப்பொருள் வரிசையில் சர்க்கரைதான் முதலில் நின்றது. அதிலும் ஒரு கிராம் புரதம் 3 ரூபாய் 20 காசு! மலிவு என்று வாங்கியது சர்க்கரையைத்தான்.

பிறகு சும்மா ஒரு ஆசைக்கு, பஸ்ஸில் மிதித்துவிட்டு வந்தோமே, அந்த உளுந்துக்கும் போட்டுப் பார்த்தேன். கடையில் கிலோ 120. நூறு கிராமில் சுமார் 24 கிராம் புரதம். ஒரு கிராம் ஐம்பது காசு! முட்டை ஏழு ரூபாய் என்றால், அதில் ஆறு கிராம். ஒன்றேகால் ரூபாய்க்கும் குறைவு.

காலையில் பையனிடம் நோட்டைக் காட்டினேன். “சித்தி, பால் புரதமும் பருப்புப் புரதமும் ஒண்ணாகுமா?” என்று மடக்கினான். நியாயமான கேள்விதான். பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் லைசின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை ஒன்று நிரப்பும். நம்ம பக்கத்து உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வேறென்ன? எள்ளில் மெத்தியோனின் தாராளம்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (1918-இல் நம்ம குன்னூரில் ஆரம்பித்ததுதான்) 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், இந்தப் பவுடர்களைத் தவிர்க்கத்தான் சொல்லியிருக்கிறது. எடைதூக்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்குக்கூட உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போவதால் தசை கூடுவதில்லையாம். சாதாரண ஆளுக்கு 0.83 கிராம். நோயாளிகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது வேறு விஷயம்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

“உனக்கு அறுபது கிலோ. இட்லி, சாம்பார், ரெண்டு முட்டை, பால், மீன்னு நீ சாப்பிடுறதுலேயே அம்பதுக்கு மேலே வருது. இப்போ உங்க அம்மாவுக்குப் போடுவோமா?” என்றேன்.

பையன் சிரித்தான். போட்டோம். காலையில் நாலு இட்லி, எட்டு கிராம். மத்தியானம் சோறும் புளிக்குழம்பும். மீன் வாங்கினால் துண்டு பையனுக்கு, சாறு அக்காவுக்கு. ராத்திரி மிச்சச் சோறு. மூன்று வேளை டீ. என்ன கூட்டியும் முப்பதைத் தாண்டவில்லை! ஐம்பது கிலோ உடம்புக்கு 41 கிராமுக்கு மேல் வேண்டும்.

மிஷினில் உட்கார்ந்தால் கிறுகிறுக்கிறது என்று அக்கா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வயசாகிவிட்டது என்று அவளே காரணமும் சொல்லிவிடுவாள். கிறுகிறுப்புக்கு இதுதான் காரணம் என்று நான் எப்படிச் சொல்ல? ரத்தம் சோதித்துப் பார் என்றேன். ஆனால் பையன் அந்த முப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று நானே உளுந்தஞ்சோறு பொங்கினேன். புழுங்கலரிசி இரண்டு பங்குக்கு வறுத்த கறுப்பு உளுந்து ஒரு பங்கு. வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பூ. எள்ளுத் துவையல், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. (தூத்துக்குடி கருவாட்டை மறந்தே போனேனே! நூற்றுக்குப் பாதிக்கு மேல் புரதம்தான்.) அக்கா வழக்கம்போல் சட்டியைச் சுரண்டப் போனாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“டப்பா தீரட்டும் சித்தி, பார்ப்போம்” என்றுதான் பையன் பஸ் ஏற்றிவிட்டான்.

போன வாரம் போனில் கேட்டேன். “அடுத்த டப்பா வாங்கலை. முப்பது முட்டை அட்டையா வாங்கிப் போட்டிருக்கான். தினமும் ஒண்ணு அவிச்சு மிஷின் மேலே வச்சுட்டுத்தான் வேலைக்குப் போறான்” என்றாள் அக்கா. “மஞ்சக்கரு தொண்டையில விக்குது ஏட்டி, துணியெல்லாம் முட்டை நாத்தம். சரி, வச்சிடட்டுமா? ஸ்கூல் யூனிபாரம் நாப்பது பீஸ் கெடக்கு.”