எதற்கு எதிர்?

அறிவியலையும் மந்திரமாக்கிவிடும் ஆற்றல் நம் வகுப்பறைகளுக்கு உண்டு. மந்திரத்திற்குப் பொருள் கேட்கக் கூடாது, முணுமுணுத்தால் போதும். சூத்திரத்தையும் அவ்விதமே முணுமுணுக்கப் பழக்குகிறோம்.

சுருள்வில் ஒன்றின் இடமுனையைச் சுவரில் பிணைத்து, வலமுனையில் ஒரு கட்டையை மாட்டி, வழவழப்பான மேசைமீது வைத்து, வலப்பக்கம் இழுத்து விடுகிறோம். கட்டை இங்குமங்கும் அலைகிறது. தனிச்சீரிசை இயக்கம் என்று இதற்குப் பெயர். வில்லின் விசையைக் கூறும் சூத்திரத்தில் ஒரு கழித்தல் குறி உண்டு. "விசை எதிர்த்திசையில் செயற்படும்" என்று மாணவர் ஒப்புவிப்பர், மதிப்பெண்ணும் பெறுவர். ஆனால் எதற்கு எதிர்?

வரலாறு கற்பிக்கும் கலைப்பட்டதாரியாகிய என்னிடம் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து கேட்டாள்: "ஐயா, கட்டை நடுவை நோக்கி ஓடி வரும்போது வில்லும் அந்தப் பக்கம்தானே இழுக்கிறது? பிறகு எப்படி எதிர் என்கிறார்கள்?" இதே கேள்விக்கு வேறோர் இடத்தில் அவளுக்குக் கிடைத்த விடை, "குறியைப் போடு, கேள்வியை விடு" என்பது. அவள் குடும்பத்தில் அவ்வகுப்பை எட்டிய முதல் பெண் அவள். அவள் வாயடைத்துப் போயிருந்தால் இழப்பு அவளுக்கு மட்டுமா?

இருவரும் தாளில் வரைந்து பார்த்தோம். விசை எதிர்ப்பது இயக்கத்தையன்று, இடப்பெயர்ச்சியை. 10 சென்டிமீட்டர் வலப்பக்கம் விலகியபோது 20 நியூட்டன் விசையுடன் இடப்பக்கம் இழுக்கும் வில், 5 சென்டிமீட்டரில் 10 நியூட்டனுடன் இழுக்கும். கட்டை போனாலும் சரி, வந்தாலும் சரி, அவ்விடத்தில் விசை இடப்பக்கமே. நடுவைத் தாண்டி இடப்பக்கம் சென்று வில் அமுங்கினால், விசை வலப்பக்கம் திரும்பும். எங்கிருப்பினும் நடுவை நோக்கியே விசை! ஆதலால் நடுவுக்கு வரும்போது அது துணை, வேகம் வளர்கிறது. நடுவிலே விசை சுழி, வேகமோ உச்சம். விலகிச் செல்லும்போது அது தடை, வேகம் தேய்கிறது. கோடியிலே வேகம் சுழி, விசையோ உச்சம். அலைவில் பாதி நேரம் துணை, பாதி நேரம் தடை. ஒப்புவித்தவர்கள் இதனை அறிவார்களா?

இவ்விதியைக் கண்ட இங்கிலாந்து அறிஞர் இராபர்ட் ஊக், 1676இல் அதனை 14 இலத்தீன் எழுத்துக்களைக் கலைத்துப் போட்ட புதிராகவே வெளியிட்டார். 1678இல்தான், "நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு" எனும் பொருளை விடுவித்தார். கண்டுபிடிப்பு தமதே என்று நிலைநாட்ட அவருக்குப் புதிர் தேவைப்பட்டது. நமக்கு எதற்குப் புதிர்? விடுவித்த பொருளை மீண்டும் குறிக்குள் பூட்டி, திறவுகோல் கேட்கும் பிள்ளையை அதட்டுவது கல்வியாகுமா?

பாமரர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள்; அது பாதி வெற்றி. "ஏன்" என்று அவர்கள் அச்சமின்றிக் கேட்கவும், கேட்டவர்க்கு விளங்கும் தமிழில் விடை கிடைக்கவும் வேண்டும். மறுபாதி அதுவே.