மோட்டார் வண்டியின் கீழ்க்கை

வண்டி வாங்கும் நாளில் நம்மவர் அதன் நிறத்தைப் பார்ப்பர். இருக்கையைத் தடவிப் பார்ப்பர். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின்னரே வீதியில் விடுவர். அவர்தம் மனநிறைவைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால், பழம் வைக்கக் குனிந்தவர் இன்னும் ஒரு சாண் உள்ளே தலையை நீட்டி, அச்சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிற்பது யாது என்று பார்த்திருப்பாராயின், பணத்தையும் உயிரையும் ஒருங்கே காக்கும் அறிவொன்றைப் பெற்றிருப்பார். பட்டறைகளில் அவ்வுறுப்பை ‘லோவர் ஆர்ம்’ என்பர். நாம் கீழ்க்கை என்போம். அதனைக் குறித்தே ஈண்டுச் சிறிது பேசப் புகுந்தோம்.

நாம் வாழும் ரவாங், இயந்திரத்துக்குப் புதிய ஊரன்று. 1894-ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் தங்கள் ஈயச் சுரங்கத்து நீரை இறைக்க மின்சாரத்தைக் கையாண்டது இவ்வூரிலேதான். சரியாக நூறாண்டு கழித்து, 1994-இல், பெரோடுவாவின் முதற் காராகிய கஞ்சில் பிறந்ததும் ரவாங்கை அடுத்த சுங்கை சோவிலேதான். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பலவற்றின் முதல் வண்டி அத்தகைய சிறு காரே. அதுவும் பெரும்பாலும் பிறர் ஓட்டிக் கழித்த காரே. புதிய வண்டிக்குரியவர் அறியாமலிருக்கலாம். பழைய வண்டிக்குரியவர் அறியாமலிருத்தல் தகாது.

இச்சிறு கார்களின் முன்புறத்தில் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கீழ்க்கை உண்டு. அதன் உட்புறம் ரப்பர்ப் புஷ் என்னும் வளையங்களின் வழியே வண்டியின் சட்டத்தில் பொருந்தியிருக்கும். வெளிமுனையில் இருப்பது பால் ஜாயிண்ட் என்னும் குண்டுமூட்டு. நம் தோள்மூட்டைப் போலக் கிண்ணத்துள் உருண்டை அமர்ந்து பல பக்கமும் திரும்பும். சக்கரம் மேடேறினால் கை உயரும். பள்ளத்தில் இறங்கினால் தாழும். வண்டியின் பாரத்தைச் சுருள்வில் சுமக்கிறது. குலுக்கத்தை அப்சார்பர் அடக்குகிறது. சக்கரம் முன்னும் பின்னும், உள்ளும் புறமும் விலகாமல் நிறுத்துவது கையின் தொழில். பிரேக்கை மிதிக்கும்போது சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளும் விசையில் பெரும்பகுதி இக்கையின் வழியாகவே சட்டத்தைச் சேர்கிறது.

முற்காலத்துக் கார்கள் பலவற்றில் மேலொன்றும் கீழொன்றுமாக இரு கைகள் இருந்தன. 1940-களில் ஏர்ல் மெக்ஃபர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்த முறையில், அப்சார்பரும் சுருள்வில்லும் ஒரே தூணாகி மேற்கையின் வேலையையும் ஏற்றன. செலவு குறைந்தது, இடம் மிஞ்சியது, எஞ்சி நின்ற ஒற்றைக் கையின் பொறுப்போ பெருகிற்று.

அக்கையில் முதலில் கெடுவது பெரும்பாலும் எஃகன்று. அதைப் பற்றியிருக்கும் ரப்பரே. அந்த ரப்பர் நமக்கு அயலானதா? விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கின் ஒளியில், நம் முன்னோர் மரம் சீவிச் சேர்த்த பாலின் இனமே அது. கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதி பெறும் என்பதைச் சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்டார். புஷ்ஷினுள் ரப்பர், இரு எஃகுக் குழல்களின் நடுவே ஒட்டி நிற்கிறது. கை ஏறியிறங்குந்தோறும் அது வழுக்குவதில்லை, முறுகி மீள்கிறது. வெப்பமும், காற்றிலுள்ள ஓசோனும், மேலிருந்து சொட்டும் எஞ்சின் எண்ணெயும் அதற்குப் பகை. எண்ணெய் பட்டால் ஊதி மென்மையாகும். காலம் சென்றால் வெடிக்கும். பால் எடுத்த கைகளைக் குறித்து எவரும் வினவுவதில்லை. அப்பாலால் ஆன வளையத்தைக் குறித்தும் வினவுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நமது காரின் முன் டயர் ஒன்று உள்விளிம்பில் மட்டும் தேய்ந்தது. டயர்க் கடையொன்றில் புதியது போட்டனர். சில மாதங்களில் அதுவும் அவ்வாறே தேய்ந்தது. மீண்டும் அங்கே கேட்டபோது, சாலையின்மேல் பழி போட்டு மற்றொரு டயரைக் காட்டினர். நாம் அதை வாங்காமல், தோட்டத்தில் பிறந்து லாரிப் பட்டறையில் தொழில் பயின்ற முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் வண்டியை உயர்த்தி, கைக்கும் சட்டத்துக்கும் இடையே நெம்புகோலைக் கொடுத்து அழுத்தினார். பின்புறத்துப் புஷ் வாய் பிளந்தது. “டயர் என்ன செய்யும் ஐயா? பிடிச்சிருந்த ரப்பரே விட்டுப்போச்சு, சக்கரம் அது இஷ்டத்துக்கு நிக்குது” என்றார். புஷ்ஷின் விலை, டயரின் விலையிலும் குறைவாகவே இருந்தது. மாதக் கூலியில் வண்டி ஓட்டும் குடும்பத்துக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

கையின் தளர்ச்சி தானே பேசும். மேட்டில் ஏறி இறங்கும்போது ‘கடக்’ என்னும் ஓசை கேட்கும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்த நேரும். குண்டுமூட்டின் தளர்ச்சியோ இவற்றினும் கொடிது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மழைநீரும் மணலும் உட்புகும். மூட்டு முற்றும் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி நடுச்சாலையில் விழும். ஆகவே அதில் ஆட்டம் கண்டால் நாள் கடத்துதல் ஆகாது.

சோதிக்கும் முறை எளிது. சமதரையில், ஜாக்கியை மட்டும் நம்பாமல், உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்துக. சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைத்துப் பார்க்க. ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைக்க. ஆட்டம் மறைந்தால் குறை பெரும்பாலும் பேரிங்கில். மறையாவிடில் குண்டுமூட்டை ஐயுறுக.

மாற்றும்போது ஒன்றை மறத்தலாகாது. சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை இறுக்கிவிடுவோர் உளர். வண்டியை இறக்கியதும் அந்த ரப்பர் முறுகிய நிலையிலேயே கிடந்து, விரைவில் கிழிந்துவிடும். வண்டியின் பாரம் சக்கரத்தின்மேல் அமர்ந்த பின்னரே இறுதியாக இறுக்குதல் முறை. பின்னர்ச் சக்கரக் கோணத்தையும் சரிபார்த்தல் வேண்டும்.

பேருந்து, லாரி முதலியன குறித்த காலந்தோறும் சட்டப்படி சோதனைக்குச் செல்கின்றன. சொந்தக் காருக்கு அத்தகைய ஆண்டுச் சோதனை இல்லை. அதன் சோதகர் உரியவரே. இரவு வேலை முடித்துக் கிள்ளானிலிருந்து ரவாங்குக்குத் திரும்பும் தந்தைக்கும், பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைக்கும் அவரே பொறுப்பு.

தோழர்களே, பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு அடுத்த கடையில் தேநீர் அருந்தச் செல்லாதீர்கள். பக்கத்தில் நின்று, “எந்தப் புஷ்? எங்கே ஆட்டம்? கழற்றியதைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். பள்ளியில் படிக்கும் மகனையும் மகளையும் உடன் அழைத்துச் சென்று, கழற்றிய அந்த ரப்பர் வளையத்தை அவர்கள் கையில் கொடுங்கள். பாட்டன் பாட்டியர் மரத்திலிருந்து எடுத்த பால் எங்கே சென்றது, என்ன சுமக்கிறது என்பதை அவர்கள் அறியட்டும்.